வெள்ளை டீ குடிச்சா வெள்ளை ஆயிடுவீங்களா?

எங்க கிளாஸ்ல இப்ப ஓடிக்கிட்டிருக்கிற புதுப் பைத்தியம், மல்லிகை வாசம் ஏத்தின வெள்ளை டீ. டப்பா மேல "பளபளக்கும் சருமம், சுருக்கமில்லாத முகம்"னு போட்டிருக்கு. 50 கிராம் 700 ரூபாய். அம்பத்தூர் ஓ.டி. டீக்கடையில தினம் ஒரு டீ வீதம் கிட்டத்தட்ட ரெண்டு மாசத்துக்கு ஆகிற காசு!

டீயை நான் திட்டலை. வெள்ளை டீங்கிறது அதே தேயிலைச் செடியோட இளம் மொட்டு. பச்சையா வாட்டி, உலர்த்தி எடுக்கிறாங்க, அவ்வளவுதான். மொட்டு மேல இருக்கிற வெள்ளை ரோமத்தால வந்த பேரு அது. நீலகிரியிலும் செய்றாங்க, இலங்கையில 'சில்வர் டிப்ஸ்'னு விற்கிறாங்க. குடிக்கிறவங்க நிறத்துக்கும் அந்தப் பேருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மல்லிகை மேட்டர் இன்னும் சுவாரசியம். சீனாக்காரங்க டீக்குப் போடறது ஜாஸ்மினம் சம்பாக். அதாவது நம்ம மல்லியேதான்! பகல்ல மொட்டாப் பறிச்சு, ராத்திரி அது விரியற நேரத்துல தேயிலையோட கலந்து வைப்பாங்க. தேயிலை வாசத்தை இழுத்துக்கும். காலையில பூவைப் பிரிச்சு எடுத்துடுவாங்க. நல்ல டீன்னா இதையே பல ராத்திரி செய்வாங்க. ஆக கோப்பையில வர்றது வாசம் மட்டும்தான். பூவிருந்தவல்லின்னு பேரே பூவுல இருக்கிற ஊர்ப் பக்கத்துல, திருக்கச்சி நம்பி காஞ்சிபுரத்துப் பெருமாளுக்குப் பூ சுமந்ததாச் சொல்ற ஊர்ப் பக்கத்துல, முழம் போட்டு வாங்கற பூவை டப்பாவுல அடைச்சு 'சரும ரகசியம்'னு நமக்கே விற்கிறாங்க. என்னத்த சொல்ல...

சரி, இந்த "சுருக்கம் போகும்" கதை எங்கேருந்து வந்தது? 2009-ல லண்டன் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்துல 21 செடிகளோட சாற்றைச் சோதிச்சாங்க. சருமத்தைத் தாங்கற கொலாஜன், எலாஸ்டின் ரெண்டையும் சிதைக்கிற நொதிகளை அடக்கறதுல வெள்ளைத் தேயிலை முதலிடம். நொதிகள் 90 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மியா அடங்கிச்சு. உண்மைதான். ஆனா அது சோதனைக்குழாய்ல! குடிச்ச யாரோட முகத்தையும் அவங்க அளக்கலை. அந்த ஆராய்ச்சியில கைகோத்தது நீல்ஸ் யார்ட் ரெமடீஸ்னு ஒரு அழகுப்பொருள் கம்பெனி என்பதையும் டப்பாக்காரங்க சொல்றதில்லை.

மனுஷங்க மேல செஞ்ச சோதனையும் இருக்கு, பச்சைத் தேயிலைச் சத்தை வச்சு. 56 பெண்களை ரெண்டு வருஷம் கவனிச்சு 2009-ல வெளியான முடிவு: வெயிலால முதிர்ந்த சருமத்துல, சத்து சாப்பிட்டவங்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. 2011-ல ஜெர்மனியில 60 பெண்கள்கிட்ட 12 வாரம் செஞ்ச சோதனையில வெயிலுக்குச் சிவக்கிறது குறைஞ்சது, அதையும் மறைக்கலை. ஆனா அதுவும் அளந்து கொடுத்த பச்சை டீ சத்து. மல்லிகை வாசம் போட்ட வெள்ளை டீக்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிடறது அநியாயம்.

இதெல்லாம் காசு போச்சுன்னு விட்டுடலாம். எனக்குக் கோபம் வர்றது வேற விஷயத்துல. ஆவடியில எங்கூட ரயில் ஏறற ஒருத்தி காலை இட்லியை விட்டுட்டு இதைக் குடிக்கிறா. இன்னொருத்தி மதியம் கீரை சாதம் சாப்பிட்ட கையோட குடிக்கிறா. தேயிலையில இருக்கிற பாலிஃபீனால், கீரை, பருப்புல இருக்கிற இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாம பிடிச்சுக்கும். இது எந்த டீக்கும் பொருந்தும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15-லேருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல! சோகை வந்தா முகம் வெளுக்கும், அது நிச்சயம். அந்த வெளுப்புக்கா 700 ரூபாய்?

ரெண்டு பேருமே மாநிறத்துக்குக் கொஞ்சம் கீழே. "எதையாவது பண்ணி நிறமாகு"ன்னு கல்யாண வீட்டுல அத்தைங்க சொன்னதைக் கேட்டு வளர்ந்தவங்க. 1975-ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல 'க்ளோ' அண்ட் லவ்லி ஆச்சு. 'சிவப்பழகு'ங்கிற வார்த்தையைச் சொல்லக் கூச்சமானதும் எல்லாரும் 'பளபளப்பு'க்குத் தாவிட்டாங்க. டீ டப்பாவுலயும் அதே வார்த்தைதான்.

வாசத்துக்காகக் குடிக்கிறீங்களா, தாராளமா குடிங்க. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க, இட்லியை விடாதீங்க. வெயிலுக்குக் குடை பிடிங்க.

விற்கிறவங்ககிட்ட ஒரே கேள்வி. மல்லிகை வெள்ளை டீயைக் குடிச்சவங்க முகத்துல செஞ்ச சோதனை எது? எந்த வருஷம், எத்தனை பேர்? காட்டுங்க, நானே ஒரு டப்பா வாங்கறேன் :)