வாரம் ஒரு வண்டி: வால் வெட்டிய ராணுவ லாரி!

ஹைவேயில் ஜல்லி ஏற்றிக்கொண்டு போகும் பத்து டயர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு டயர், பின்னால் எட்டு. அந்த எட்டும் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஆக்ஸில்களில் நான்கு நான்காக மாட்டியிருக்கும். அதில் ஒரு ஆக்ஸிலை அப்படியே கழற்றிவிட்டு, பின்பக்க பாடியையும் சில அடி குறைத்தால் எப்படி இருக்கும்? மூக்கு நீண்டு, வால் குட்டையாக, பார்க்கக் கொஞ்சம் காமெடியான ஒரு லாரி நிற்கும்.

அமெரிக்காவில் இதைப் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். ராணுவம் கழித்துவிட்ட லாரியை ஏலத்தில் எடுத்து, வீட்டு ஷெட்டில் வைத்தே வெட்டுகிற ஆட்களும் உண்டு. இதற்குப் பெயர் ‘பாப்பிங்’. தலைமுடியைக் குட்டையாக வெட்டும் ‘பாப் கட்’ இருக்கிறதே, அதே பாப்தான்!

பார்க்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால், கழற்றி வைத்த ஆக்ஸிலோடு வேறு என்னவெல்லாம் போகிறது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

யார் இந்த ‘டியூஸ்’?

இப்படி வெட்டு வாங்கும் லாரிகளில் ரொம்பப் பிரபலம் ‘எம்35’. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த லாரி. முதலில் உருவாக்கியது மிச்சிகன் மாநிலம் லான்சிங் நகரில் இருந்த ரியோ கம்பெனி. பிறகு கைசர், ஏ.எம். ஜெனரல் கம்பெனிகளும் தயாரித்தன. வியட்நாம் போரில் சாமான் ஏற்றியது மட்டுமல்ல, மெஷின் கன் பொருத்தி, லாரி வரிசைகளுக்குக் காவலாகவும் இதை ஓட்டியிருக்கிறார்கள்.

கரடுமுரடான பாதையில் இரண்டரை டன் ஏற்றலாம் என்பது ராணுவத்தின் கணக்கு. சீட்டுக்கட்டில் ‘2’ சீட்டுக்கு ஆங்கிலத்தில் ‘டியூஸ்’ என்று பெயர். அதனால் இந்த இரண்டரை டன் லாரிகளுக்கு ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்பது செல்லப்பெயர்.

இதில் ‘எம்35ஏ2’ மாடலின் இன்ஜின் 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர். டீசலில் ஓடும், விமான எரிபொருளில் ஓடும், அவசரத்துக்குப் பெட்ரோல் ஊற்றினாலும் ஓடும். ஆனால் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டுவதே கஷ்டம். காலி வண்டியே சுமார் 6 டன். பெரும்பாலான வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. ஓட்டி முடித்தால் ஜிம்முக்குப் போகவேண்டிய அவசியமே இருக்காது!

எதற்காக வெட்டுகிறார்கள்?

வாங்குகிறவர் இதில் வெடிமருந்துப் பெட்டியா ஏற்றப்போகிறார்? காட்டுப் பாதையில் கேம்ப்பிங் போவார், விறகு ஏற்றுவார். அதற்குப் பத்து டயர் அதிகம். அத்தனை டயரையும் மாற்றுவதென்றால் பர்ஸ் தாங்காது. இரண்டு பின் ஆக்ஸில்கள் இருப்பதால், வளையும்போது பின் டயர்கள் தரையில் தேய்ந்துகொண்டே திரும்பும். குறுகலான காட்டு வளைவில் நீளமான பின்பக்கம் மரத்தில் இடிக்கும். குட்டையாக்கினால் எடை குறையும், வளைப்பது சுலபம், வீட்டு வாசலிலும் நிறுத்தலாம்.

நியாயமான காரணங்கள்தான். சிக்கல் அதன் பிறகு ஆரம்பிக்கிறது.

முதலில் ஸ்பிரிங்

இந்த லாரியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் சீ-சா பலகை மாதிரி. நடுப்பகுதி சேஸிஸில் மாட்டியிருக்கும். ஒரு முனை முன்னால் இருக்கும் ஆக்ஸில் மேலும், இன்னொரு முனை பின்னால் இருக்கும் ஆக்ஸில் மேலும் உட்கார்ந்திருக்கும். ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினால் அடுத்தது கீழே இறங்கும். சுமை இரண்டுக்கும் சமமாகப் போகும். பள்ளம் மேட்டில் இந்த லாரி அசராமல் போனதற்கு இது முக்கியக் காரணம்.

சீ-சாவில் ஒரு பக்கத்து ஆள் இறங்கிவிட்டால் என்ன ஆகும்? ஆக்ஸிலில் ஒன்றைக் கழற்றினாலும் அதேதான். அதனால் பழைய அமைப்பு மொத்தமாக மாறவேண்டும். பட்டையின் இரண்டு முனைகளையும் சேஸிஸோடு சேர்த்து, நடுவில் ஆக்ஸிலை யூ போல்ட் போட்டுப் பிடிக்கவேண்டும். முனைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகளைப் புதிதாகப் பொருத்தவேண்டும். சேஸிஸில் கண்ட இடத்தில் ஓட்டை போடக் கூடாது. குறிப்பாக அதன் மேல், கீழ் விளிம்புகளில் டிரில்லே படக் கூடாது என்பது லாரி பாடி கட்டுகிறவர்களின் பொதுவான விதி. வண்டி வளைந்து கொடுக்கும்போது அதிக அழுத்தம் வாங்குவது அந்த விளிம்புகள்தான்.

இன்னொன்று, பல டன் சுமையைத் தாங்கச் செய்த ஸ்பிரிங் இது. காலி வண்டியில் கல் மாதிரி இருக்கும். சின்னப் பள்ளத்துக்கே பின்பக்கம் துள்ளும். அதற்காகச் சில பட்டைகளை உருவிவிடுகிறார்கள். துள்ளல் குறையும், கூடவே தாங்கும் சக்தியும் குறையும்.

அடுத்து பிரேக்

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மூன்று ஆக்ஸில்களிலும் பிரேக் உண்டு. ஒன்றைக் கழற்றினால், பிரேக் பிடிக்கும் ஆறு இடங்களில் இரண்டு காலி. வண்டியின் எடையும் குறைகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பின்பக்கம் லேசாக இருப்பதால், அவசரமாக மிதித்தால் பின் சக்கரங்கள் சட்டென்று லாக் ஆகலாம். ஈர ரோட்டில் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

எம்35ஏ2-வில் ஆரம்பத்திலிருந்தே ஒரு பலவீனம் உண்டு. எல்லாச் சக்கரங்களுக்கும் சேர்த்து பிரேக் ஆயில் ஒரே சர்க்யூட்டில்தான் போகிறது. எங்காவது ஓரிடத்தில் ஆயில் மொத்தமாக ஒழுகிவிட்டால், பெடல் தரை வரைக்கும் போய்விடும். எந்தச் சக்கரத்திலும் பிரேக் இருக்காது.

‘ஹேண்ட் பிரேக் இருக்கிறதே’ என்கிறீர்களா? அது சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், பின் சக்கரங்களுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. வெட்டும்போது நீளம் மாற்றி, வெல்டிங் செய்து மாட்டுவது எந்த ஷாஃப்டை? அதே ஷாஃப்டைத்தான். அந்த வெல்டிங் விட்டுப்போனால், பின் சக்கரங்களை ஹேண்ட் பிரேக்கால் பிடிக்க முடியாது. விவரம் தெரிந்தவர்கள் பெயின்ட், பெரிய டயர் எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக் ஆயிலை இரண்டு தனித்தனி சர்க்யூட்டாகப் பிரிக்கிறார்கள். ஷாஃப்டைத் தெரிந்த இடத்தில் கொடுத்து பேலன்ஸ் பார்த்து வாங்குகிறார்கள்.

பாடி வேலைதான் இருப்பதிலேயே சுலபம். 12 அடிப் பாடியை வெட்டி ஒட்டுவார்கள். இல்லையென்றால் ‘எம்105’ என்ற ராணுவ டிரெய்லரின் பாடியைக் கழற்றி மேலே உட்காரவைத்துவிடுவார்கள். போட்டோவில் தெரிவதெல்லாம் இந்த வேலை மட்டும்தான்!

அந்தத் தகடு

இந்த லாரிகளின் டேஷ்போர்டில் உலோகத் தகடுகள் இருக்கும். வண்டியின் எடை, எவ்வளவு ஏற்றலாம், எந்த கியரில் எவ்வளவு வேகம் போகலாம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். சேஸிஸை வெட்டுகிறவர்கள் இந்தத் தகட்டை அழகுக்காக அப்படியே விட்டுவிடுவது உண்டு. பழைய ராணுவ வண்டிக்கு அதுவும் ஒரு கெத்துதானே!

ஆனால் அதில் இருப்பது மூன்று ஆக்ஸில் லாரியின் கணக்கு. வெட்டியவருக்கு அது தெரியும். அவர் வண்டியை விற்றுவிட்டால், வாங்கியவருக்கோ, அவர் மகனுக்கோ தெரியுமா? தகட்டைப் பார்ப்பார், அதை நம்பி மண்ணோ மரமோ ஏற்றுவார், இறக்கத்தில் பிரேக்கை மிதிப்பார்.

வெட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குடோனில் துருப்பிடித்துக் கிடக்கவேண்டிய வண்டி, புது வேலைக்கு வருவது நல்ல விஷயம்தான். ஆனால் எதைக் கழற்றினாலும், அது அங்கே என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று முதலில் எழுதிப் பார்க்கவேண்டும். சுமந்தது, பிடித்தது, சமன் செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் மாற்று இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்கவேண்டும்.

வேலை முடிந்ததும் இரண்டு காரியம் பாக்கி இருக்கும். வெட்டிய வண்டியை எடை மேடையில் ஏற்றி, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று புதுக் கணக்கு எடுக்கவேண்டும். டேஷ்போர்டில் பழைய தகட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கணக்கோடு ஒரு புதுத் தகடு அடிக்கவேண்டும். பெரிய செலவில்லை. அடுத்து அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்கப்போகிறவருக்கு அது தேவைப்படும்.

அடுத்த வாரம் வேறொரு வண்டியோடு வருகிறேன் மக்களே!