சோற்றை விட்டார்கள், உப்பையும் மாற்றினார்கள்!

எடையைக் குறைக்கப் போன வீட்டில் தைராய்டுக் கோளாறு

விருந்துக்குப் பெயர் பெற்றது செட்டிநாடு. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, மொச்சை மண்டி, கோழிக் குழம்பு என்று இலை கொள்ளாமல் பரிமாறுவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்தச் செட்டிநாட்டின் நடுவே இருக்கும் காரைக்குடியிலும் இப்போது, "எனக்குச் சோறு வேண்டாம்" என்ற குரல் கேட்கிறது.

காரணம், டயட்!

2010-க்குப் பிறகு தமிழ்நாட்டில் "பேலியோ" என்ற உணவு முறை வேகமாகப் பரவியது. அரிசி இல்லை, கோதுமை இல்லை, பருப்பு இல்லை, சர்க்கரை இல்லை. கறி, மீன், முட்டை, நெய், காய்கறி, இவைதான் சாப்பாடு. இதனால் எடை குறைந்தவர்கள் உண்டு. சர்க்கரை நோய் கட்டுக்குள் வந்தவர்களும் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால், அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு தாமே இறங்கியவர்கள் வேறு சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு வீட்டுக் காட்சி

காரைக்குடியில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாளுக்கு வயது 45. மகளுக்குக் கல்யாணம் வருகிறது. அதற்குள் பத்துக் கிலோ குறைய வேண்டும் என்று சோற்றை நிறுத்துகிறார். இட்லி போயிற்று. பருப்பு போயிற்று. காலிபிளவரைத் துருவி, அதைச் சோறு என்று சாப்பிடுகிறார். "சாதாரண உப்பு ஆகாது, இந்துப்புதான் நல்லது" என்று யாரோ சொல்ல, வீட்டு உப்பும் மாறுகிறது.

முதல் மாதம் எடை இறங்குகிறது. வீடே பாராட்டுகிறது.

இரண்டாவது மாதம் மலச்சிக்கல் வருகிறது. கடையிலிருந்து இசப்கோல் தூள் வருகிறது. மூன்றாவது மாதம் சீப்பை வைத்தால் கொத்தாக முடி வருகிறது. மின்விசிறி ஓடினாலே குளிர்கிறது. படியேறினால் அசதி. இறங்கிய எடையும் நின்றுவிடுகிறது.

"சாப்பிடாமல் கிடந்தால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார் அப்பத்தா. "தைராய்டாக இருக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. "தூளை இன்னும் ஒரு கரண்டி கூட்டிப் போடு" என்கிறார் கணவர்.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடக்கக்கூடியது. இந்த மூவரில் யார் சொல்வது சரி?

ஒரே மாதிரித் தெரியும் மூன்று

மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். அதுதான் இதில் உள்ள ஆபத்து!

மலச்சிக்கல், அசதி, குளிர், முடி உதிர்தல் ஆகிய நான்கும் மூன்று வழிகளில் வரலாம். சாப்பாட்டில் நாரும் தண்ணீரும் குறைந்தால் மலச்சிக்கல் வரும். உடம்புக்குப் போதிய சாப்பாடு கிடைக்காவிட்டால் அசதியும் குளிரும் வரும், முடியும் உதிரும். தைராய்டு சுரப்பி மந்தமானால் நான்கும் சேர்ந்தே வரும்.

வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆகவே, ஒன்றுக்குச் செய்ய வேண்டிய மருந்தை மற்றொன்றுக்குச் செய்துவிடுகிறார்கள்.

முதல் வழி: நார் குறைவு

நார் என்பது காய், கீரை, பருப்பு, தானியம், பழம் ஆகியவற்றில் உள்ள செரிக்காத பொருள். அது குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தை இளக்குகிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 30 கிராம் நார் தேவை.

கறியில் நார் கிடையாது. மீனில் கிடையாது. முட்டையிலும் பாலிலும் கிடையாது. சோற்றையும் பருப்பையும் நிறுத்திவிட்டு, காயையும் கூட்டாமல் விட்டால் குடல் என்ன செய்யும்? மலச்சிக்கல் வந்தே தீரும்.

அதற்குத்தான் இசப்கோல். இது ஒரு செடியின் விதையிலிருந்து எடுக்கும் உமி. வடக்குக் குஜராத்தில் உள்ள உஞ்சா என்ற ஊர் இதன் பெரிய சந்தை. உலக நாடுகளுக்கு இசப்கோல் அனுப்புவதில் இந்தியாவுக்கே முதல் இடம். நல்ல பொருள்தான். முறையோடு சாப்பிட்டால் மலச்சிக்கலுக்கு உதவும்.

ஆனால், இது தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்பும் பொருள். தண்ணீர் குறைவாகக் குடித்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளக் கூடும். இப்படிப்பட்ட பொருள்களின் மேல் "நிறையத் தண்ணீருடன் சாப்பிடவும்" என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும் என அமெரிக்க அரசு 1993-ல் விதி கொண்டுவந்தது. தைராய்டு மந்தமானவரின் குடல் ஏற்கெனவே மெதுவாக நகரும். அங்கே தண்ணீரில்லாமல் தூளை மட்டும் கூட்டினால் வயிறு உப்பும், சிக்கல் தீராது.

இரண்டாவது வழி: உடம்பின் சிக்கனம்

வீட்டில் வருமானம் குறைந்தால் குடும்பத் தலைவி என்ன செய்வாள்? செலவைச் சுருக்குவாள். உடம்பும் அப்படித்தான்.

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம், பட்டாம்பூச்சி வடிவில் இருக்கிறது. உடம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை அது சுரக்கும் நீரே முடிவு செய்கிறது. அந்த நீரில் டி-4, டி-3 என இரண்டு வகை உண்டு. டி-4 கையிருப்புப் பணம் போன்றது. டி-3 செலவுக்கு எடுத்த சில்லறை போன்றது.

சாப்பாடு மிகவும் குறைந்தால், சில நாள்களிலேயே உடம்பு டி-4-ஐ டி-3 ஆக மாற்றுவதைக் குறைத்துக்கொள்கிறது. மாவுச்சத்தை மிகவும் குறைத்தாலும் டி-3 குறைவது உண்டு. இது நோய் அல்ல, சிக்கனம். போதுமான சாப்பாடு திரும்பக் கிடைத்தால் இதுவும் சரியாகும். இந்த நிலையில் உள்ளவர் பக்கத்து வீட்டுக்காரரின் தைராய்டு மாத்திரையை வாங்கி விழுங்கினால், இதயம் படபடக்கும், எலும்பும் கெடும்.

மூன்றாவது வழி: உண்மையான நோய்

சுரப்பியே மந்தமாகிவிடுவது உண்மையான நோய். இது அரிதானது என்று எண்ண வேண்டாம். சென்னை உட்பட 8 நகரங்களில் பெரியவர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. சுமார் 11 சதவிகிதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

இதற்கு மருந்து கண்ட கதை சுவையானது. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர் இருந்தார். முகம் வீங்கி, பேச்சுத் தடித்து, குளிரில் நடுங்கிய 46 வயதுப் பெண் ஒருத்திக்கு, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். அவள் தேறினாள்! அதன் பிறகு ஏறக்குறைய 28 ஆண்டுகள் வாழ்ந்தாள். இன்று ஆட்டைத் தேட வேண்டியதில்லை. தைராக்சின் மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது.

ஆனால், அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடுதான் அது நன்றாக உடம்பில் சேரும். காப்பியோடு குடித்தால் சேருவது குறையும். இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நார்ப்பொருளும் அதைத் தடுக்கக் கூடும்.

பல வீடுகளில் என்ன நடக்கிறது? காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, உடனே இசப்கோல், அதன் மேல் ஒரு காப்பி! மாத்திரை வயிற்றுக்குள் போகிறது. ஆனால் ரத்தத்துக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை. மலச்சிக்கல் கூடுகிறது. அதற்காக இன்னும் ஒரு கரண்டித் தூள். இது செக்கு மாட்டுக் கதை!

ரத்தச் சோதனை எதற்கு?

மூன்றையும் பிரித்துக் காட்ட ஒரு எளிய வழி உண்டு. அதுதான் டி.எஸ்.எச். என்னும் ரத்தச் சோதனை. சுரப்பி மந்தமானால், "இன்னும் சுரக்க வேண்டும்" என்று மூளை அதற்குக் கட்டளை அனுப்பும். அந்தக் கட்டளையின் அளவே டி.எஸ்.எச்.

அது கூடியிருந்தால் சுரப்பியில் கோளாறு இருக்கலாம். மாத்திரை சரியாகச் சேராமலும் இருக்கலாம். பட்டினிச் சிக்கனத்தில் அது பெரும்பாலும் கூடுவதில்லை. ஆகவே, தூளைக் கூட்டுவதா, சாப்பாட்டைக் கூட்டுவதா, மாத்திரையைச் சரி செய்வதா என்பதை டாக்டர் இதை வைத்துத் தீர்மானிப்பார். சிவகங்கையில் 2012-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஊகத்தில் காலம் தள்ள வேண்டியதில்லை.

உப்பில் இருக்கிறது விஷயம்

இதுவரை சொன்னது டயட் இருப்பவரின் கதை. இனிமேல் சொல்லப்போவது வீடு முழுவதற்கும் உரியது.

தைராய்டு நீர் சுரக்க அயோடின் வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். 70 வருடம் வாழ்கிறவருக்கு மொத்தமாகக் கணக்குப் பார்த்தாலும் 4 கிராம்கூட ஆகாது! ஒரு தேக்கரண்டி நிறையாத அந்தப் பொருள் நாள்தோறும் சிறிது சிறிதாக உடம்பில் சேர வேண்டும்.

அயோடின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தியா கண்டிருக்கிறது. இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை பரவிக் கிடந்தது. டாக்டர் வி. ராமலிங்கசுவாமி தலைமையில் 1956-ல் அங்கே ஒரு பெரிய சோதனை தொடங்கியது. சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு. ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் நாடு முழுவதற்கும் கழலை ஒழிப்புத் திட்டம் வந்தது. மக்கள் நேராகச் சாப்பிடும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்ற விதி 2006 மே 17-ல் அமலுக்கு வந்தது.

தமிழ்நாட்டின் நிலை என்ன? உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடுதான். காரைக்குடிக்குப் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தின் வாலிநோக்கத்தில் அரசு நிறுவனமே உப்பு எடுக்கிறது. ஆனால், 2018-19-ல் நடந்த கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 சதவிகிதம்தான். மாநிலங்களிலேயே இதுதான் கடைசி இடம்! இந்தியா முழுவதற்கும் சராசரி 76.3 சதவிகிதம்.

இந்த நிலையில்தான் இந்துப்பு மோகம் வந்திருக்கிறது. இந்துப்பில் இயற்கையாக உள்ள அயோடின் மிகச் சொற்பம். தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு. டயட் இருப்பவர் மீனும் முட்டையும் சாப்பிடுவதால் அவருக்கு அயோடின் ஓரளவு கிடைத்துவிடும். ஆனால், அதே அடுப்பில், அதே உப்பில் சமைத்த குழம்பைத்தானே குழந்தையும் சாப்பிடுகிறது? கர்ப்பமாக இருக்கும் மருமகளும் சாப்பிடுகிறாள்?

கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளை வளர்வதற்கு அது வேண்டும். மாமியாரின் எடைக்காக உப்பு மாறினால், பிறக்கப்போகும் பேரக்குழந்தை அதற்கு விலை கொடுக்க வேண்டி வரலாம்!

காலிபிளவர், முட்டைக்கோஸ், கம்பு ஆகியவற்றில் தைராய்டின் வேலையைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அயோடின் போதுமான வீட்டில், வேகவைத்து அளவோடு சாப்பிட்டால் பயமில்லை. அயோடினையும் நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் காலிபிளவர் என்றால் கவனம் தேவை.

செய்ய வேண்டியது என்ன?

உப்புப் பாக்கெட்டில் "அயோடின் கலந்தது" என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும். பாட்டி காலத்து உப்பு மரவை அழகுதான். ஆனால் திறந்து வைத்தால் ஈரம் பட்டு அயோடின் குறையும். மூடியுள்ள ஜாடியே நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும். குறைத்துப் போடும் உப்பு அயோடின் உப்பாக இருக்க வேண்டும்.

தைராய்டு மாத்திரையை விடியற்காலையில் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். காப்பி, பலகாரம் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு, சுண்ணாம்பு மாத்திரைகள் 4 மணி நேரம் கழித்து. இசப்கோலை இரவுக்கு மாற்றிக்கொண்டால் இரண்டும் மோதாது. தூளைத் தம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, இன்னொரு தம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். எடை குறைந்துவிட்டது என்று தைராய்டு மாத்திரையைத் தாமே நிறுத்தக் கூடாது.

மலத்தில் ரத்தம், வாந்தியோடு வயிற்றுவலி, காரணமில்லாமல் எடை குறைதல், வழக்கமான மலப்போக்கு திடீரென மாறுதல், இவற்றுக்குத் தூள் மருந்தல்ல. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நாருக்குக் கடைக்கு ஓட வேண்டியதும் இல்லை. வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரை, அவரைக்காய், கொத்தவரங்காய், வெண்டைக்காய் இவை டயட் இருப்பவருக்கும் ஆகும். தட்டில் கறி இருக்கும் அளவுக்காவது காய் இருக்க வேண்டும். டயட் விதி இடம் கொடுத்தால், மொச்சை மண்டி இருக்கவே இருக்கிறது.

காரைக்குடி அம்மாளுக்கு எடை குறைவது நல்லதுதான். கல்யாணத்தில் அவர் மெலிந்து நிற்கட்டும். அதற்கு முன்னால் ஒரு முறை ரத்தத்தைச் சோதிக்கட்டும். அடுப்பங்கரையில் பழைய அயோடின் உப்பையே திரும்ப வைக்கட்டும். டயட் ஒருவருக்கு, உப்பு வீட்டுக்கே!