காற்றுக் குழாய்களைக் களையலாமா?

அமெரிக்க நாட்டுப் பெருநகரங்களில் சென்ற நூற்றாண்டில் எழுந்த காரியாலயங்கள், பள்ளிகள், வைத்தியசாலைகள் முதலிய பெருங்கட்டடங்கள் பலவற்றில், பனிக்காலத்தில் அறைகளைச் சூடாக்குவதையும் வேனிற்காலத்தில் குளிர்விப்பதையும் அடக்கியாள்வது அமுக்கப்பட்ட வெறுங் காற்றேயாம். சுவர்களுக்குள் விரற்கனமும் இல்லாத செப்புக் குழாய்கள் நரம்புகள் போல ஓடுகின்றன. அவற்றினூடே செல்லுங் காற்றின் அமுக்கம் கூடுவதாலும் குறைவதாலும் வெந்நீர்க் குழாயின் வால்வு திறக்கிறது, மூடுகிறது. காற்றுக் கதவு அசைகிறது. இவ்வேற்பாடு பழமைப்பட்டதென்றும், அதனை வேரொடு பிடுங்கிக் கணினியால் இயங்குங் கருவிகளை அமைத்தலே அறிவுடைமையென்றும் இன்று கட்டடச் சொந்தக்காரர் பலர் கருதுகின்றனர். இக்கலாசாலையில் பௌதிகம் பயின்று வெளியேறிய யான், 1998ஆம் ஆண்டு முதல் ஆறாண்டுகள் அத்தகைய கட்டடமொன்றின் நிலவறையில் வேலை பார்த்தவன். அவ்வனுபவத்தைக் கொண்டு சொல்லுமிடத்து, இக்கருவிகள்மீது சாட்டப்படுங் குற்றங்களிற் பெரும்பாலானவை அவற்றைப் பேணாது விட்டவர்களின் குற்றங்களேயென்பது என் துணிபு.

இத்தொழில் பிறந்ததும் ஒரு கல்விச்சாலையில் என்பது நம் மாணவர் அறிந்து மகிழத்தக்கது. விஸ்கான்சின் மாகாணத்து ஒயிட்வாட்டர் என்னும் ஊரிலிருந்த ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் வாரன் ஜான்ஸன் என்பவர் போதகாசிரியராக இருந்தார். பனிக்காலத்தில் வேலையாள் ஒருவன் வகுப்பு வகுப்பாக நுழைந்து உஷ்ணமானியைப் பார்த்துவிட்டு, நிலவறைக்கு இறங்கிச் சென்று சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்வான். பாடம் நடுவே தடைப்படும். இத்தொல்லையைப் பொறுக்கமாட்டாத ஜான்ஸன், அறையின் உஷ்ணநிலையை நிலவறையிலிருப்பவனுக்கு மின்சாரத்தால் அறிவிக்குங் கருவியொன்றை இயற்றி 1883ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்றார். 1885ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் ஒரு கம்பெனியும் எழுந்தது. பின்னர் அவரது கருத்து காற்றின்பாற் சென்றது. ஒரு கட்டடத்தின் பல அறைகளைத் தனித்தனியே ஆளவல்ல காற்றமுக்க ஏற்பாட்டுக்கு 1895இல் உரிமைப்பத்திரம் வாய்த்தது. வகுப்பறைக் கதவு அடிக்கடி திறந்ததால் எழுந்த கோபம் இவ்வளவு பெருந் தொழிலாயிற்றென்றால், நம் ஆசிரியர்களும் தங்கள் கோபங்களைச் சற்றுக் கவனித்துக்கொள்ளலாம்.

இக்கருவி இயங்கும் விதத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அதனை அறியாதவர்க்கு அதன்மீதுள்ள வழக்கும் விளங்காது. நிலவறையில் ஒரு யந்திரம் காற்றை அமுக்கித் தொட்டியில் நிரப்புகிறது. அக்காற்று, சதுர அங்குலத்துக்குச் சுமார் 20 ராத்தலாக அமுக்கங் குறைக்கப்பட்டு, மாடிகள்தோறும் செல்கிறது. அறைச்சுவரில் உள்ள தெர்மாஸ்டாட் என்னுங் கருவிக்குள் காற்று, மயிரிழை போன்ற ஒரு நுண்துளையின் வழியே புகுகிறது. அங்கே ஒரு சிறு மூக்கு. அதன் வாயருகே இரு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. அறை சூடேறினால் அத்தகடு வளைந்து மூக்கை அடைக்கும். வெளியேற வழியில்லாத காற்று வால்வுக்குச் செல்லும் குழாயில் அமுக்கத்தை ஏற்றும். அறை குளிர்ந்தால் தகடு விலகும். காற்று மெல்லெனக் கசிந்து அமுக்கம் இறங்கும். இவ்வாறு அமுக்கம் 3 ராத்தலுக்கும் 15 ராத்தலுக்கும் இடையே ஏறியிறங்குகிறது.

ஒரே குழாய் இரண்டு வால்வுகளை ஆளுவதிலேதான் இதன் அழகெல்லாம் அடங்கியிருக்கிறது. வெந்நீர் வால்வைச் சுருள்வில் திறந்தே வைத்திருக்கும். அமுக்கம் 3இலிருந்து 8க்கு ஏற ஏற அது மூடும். குளிர்நீர் வால்வைச் சுருள்வில் மூடியே வைத்திருக்கும். 8இலிருந்து 13க்கு ஏற ஏற அது திறக்கும். ஆதலின் ஒன்று மூடிய பின்னரே மற்றொன்று திறக்கும். இரண்டும் ஒருங்கே ஓடுவதற்கு இடமில்லை. யாதொரு காரணத்தாலேனும் காற்று முற்றும் நின்றுவிட்டால் வெந்நீர் வால்வு தானே திறந்துகொள்ளும்; நீர் உறையும் பனிக்காலத்தில் குழாய்கள் வெடித்துப்போகாமைக்கு அதுவே காவல். இரவில் கட்டடம் வெறுமையாகும்போது நிலவறையிலிருந்து அனுப்புங் காற்றின் அமுக்கத்தைச் சில ராத்தல் மாற்றினாற் போதும். அதற்கென்று செய்யப்பட்ட தெர்மாஸ்டாட்டுகள் அனைத்தும் பகற்கணக்கை விட்டு இரவுக்கணக்குக்கு மாறிவிடும். ஏவலும் ஆற்றலும் ஒரே குழாயிற் செல்கின்றன. இதனைக் கண்டு வியவாத பௌதிக மாணவன் ஒருவனை யான் கண்டதில்லை.

ஆனால் இவ்வழகு பராமரிப்பைப் பொறுத்தது. சுருள்வில்லின் இழுவிசை சற்றே பிசகினாலும், தெர்மாஸ்டாட்டின் கணக்குத் தவறினாலும், வெந்நீர் வால்வு மூடுமுன்பே குளிர்நீர் வால்வு திறந்துவிடும். அப்பொழுது சூடும் குளிரும் ஒன்றோடொன்று பொருதும். அறையோ இதமாகவே இருக்கும். அங்கு அமர்ந்திருப்பவர் முறையிடமாட்டார். செலவுச் சீட்டு மட்டும் மாதந்தோறும் பெருகும். இதனைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கொரு முறையேனும் ஒருவர் அமுக்கமானியும் சிறு திருகுகோலும் ஏந்தி ஒவ்வோர் அறைக்கும் செல்ல வேண்டும்.

யான் வேலை பார்த்த கட்டடத்தில் இவ்வேலை நின்றுபோயிற்று. அதனினும் தீயது மற்றொன்று நேர்ந்தது. அமுக்கப்பட்ட காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும் உலர்த்திக் கருவி பழுதுற்றபோது, செலவைச் சுருக்கக் கருதிய நிர்வாகத்தார் அதனைப் பல மாதம் செப்பனிடாது விட்டனர். யந்திரத்தின் எண்ணெயும் காற்றின் நீரும் குழாய்களிற் புகுந்து, மேல்மாடிகள் வரை சென்று, தெர்மாஸ்டாட்டுகளின் நுண்துளைகளை அடைத்தன. துளை அடைபட்ட அறையில் அமுக்கம் ஏறாது. அமுக்கம் ஏறாவிடில் வெந்நீர் வால்வு மூடாது. வெளியே பனி பொழிய, உள்ளே வியர்வை சிந்தியவர்கள் ஜன்னல்களைத் திறந்துவைத்தனர். எனக்குத் தொழில் கற்பித்த மூத்த மெக்கானிக் ஒரு குழாயைக் கழற்றித் தம் உள்ளங்கையில் உதறி, திரண்டு நின்ற எண்ணெய்த் துளிகளை நிர்வாகத்தாருக்குக் காட்டினார். அவர்கள் அதைக் கண்டு உலர்த்தியை வாங்கவில்லை. காற்றுக் கருவிகளே உதவாதவையென்று தீர்மானித்து, 2003ஆம் ஆண்டில் எல்லா மாடிகளுக்கும் கணினிக் கருவிகளை வாங்கினர். சுவர்களை உடைத்த செலவில் உலர்த்திகள் எத்தனையோ வாங்கியிருக்கலாம்.

கணினிக் கருவிகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவற்றின் மேன்மைகள் மெய்யானவை. காற்றுத் தெர்மாஸ்டாட் தன் அறையின் நிலையை நிலவறைக்குச் சொல்லாது. அறையில் ஆளிருக்கிறதா இல்லையா என்று அறியாது. வைத்த பாகையில் அணுவும் பிசகாது நிற்கவும் அதனால் இயலாது. குழாய்க் கசிவுகளுக்கு ஈடு செய்யவே யந்திரம் இரவும் பகலும் ஓடும். நியூயார்க் நகரத்து எம்பயர் ஸ்டேட் மாளிகையைப் புதுப்பிக்க 2009இல் திட்டம் வெளியிடப்பட்டபோது, சக்திச் செலவை 38 சதவிகிதம் குறைக்க வகுத்த வழிகளுள் கணினிக் கட்டுப்பாடும் ஒன்றாயிருந்தது. எனினும் அது ஒன்று மட்டுமே அன்று: அங்கிருந்த 6,514 ஜன்னல்களையும் செப்பனிடுதலும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தது. விற்பனைக்காரர் இப்பிற்பகுதியைச் சொல்வது அரிது.

ஆதலின் என் கருத்து இது. அறைகளை அளப்பதும் கணக்கிடுவதும் கணினியின் வேலையாகட்டும். பெரிய வால்வுகளையும் காற்றுக் கதவுகளையும் தள்ளும் வேலை காற்றினிடமே இருக்கட்டும். மின்குறிப்பைக் காற்றமுக்கமாக மாற்றித்தருஞ் சிறு கருவிகள் உண்டு. சுவரை உடையாமலே பழைய தெர்மாஸ்டாட்டின் இடத்தில் பொருத்தத்தக்க கம்பியில்லாக் கருவிகளும் வந்துவிட்டன. பழைய கட்டடங்களின் சுவர்களிலும் குழாய்ப் போர்வைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருத்தல் கூடுமாதலால், உடையாதிருப்பது உடல்நலத்துக்கும் நன்று. எவ்வழியைக் கொண்டாலும், காற்றை உலர்ந்ததாகவும் தூயதாகவும் வைத்துக்கொள்ளாத இடத்தில் எக்கருவியும் நில்லாது.

நம் பௌதிக சோதனைச்சாலைக்கும் ஒரு விண்ணப்பம். இருவுலோகத் தகடொன்று, நுண்ணிய மூக்கொன்று, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு, ஓர் அமுக்கமானி: இவை நான்கும் போதும், மேற்சொன்ன தத்துவம் முழுவதையும் மேசைமேற் காட்டிவிடலாம். பனியில்லாத நம் நாட்டில் இஃது எதற்கென்று சிலர் நகைக்கலாம். நம் மாணவர் பலர் இப்பொழுது கடல்கடந்து இத்தகைய கட்டடங்களில் வேலைக்கமர்கின்றனர். அங்கே அவர்கள் முன் வைக்கப்படுவது ஒரு திரை மட்டுமே.

2003இல் எங்கள் கட்டடம் மாற்றப்பட்டபோது, மின்விசிறி அறையிலிருந்த பெரிய வால்வுகள் மட்டும் செலவு கருதிக் காற்றிலேயே விடப்பட்டன. அடுத்த பனிக்காலத்தில் ஒருநாள் மூன்று மாடிகள் வெந்தன. திரையோ வெந்நீர் வால்வு முற்றும் மூடியிருப்பதாகக் காட்டிற்று. ஏனெனில் அது தான் இட்ட கட்டளையையே காட்டியது, வால்வை அன்று. கணினி நிபுணரான இளைஞர் இரண்டு நாள் அமர்ந்து கணக்குகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். மூன்றாம் நாள் அந்த மூத்த மெக்கானிக் வந்து, விசிறியை நிறுத்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சற்று நின்றார். பின் வால்வுக்குப் பின்புறம் கைவிட்டுச் சீறிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குழாயின் வெடிப்பை விரலால் அடைத்தார். வால்வு மெல்ல மூடிற்று. ஒரு சாண் குழாய் மாற்றினோம். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அம்மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். அவரிடத்துக்கு நிர்வாகத்தார் வேறு ஆள் வைக்கவில்லை.