காபிக்கு முன்னால் ஒரு குட்டி மாத்திரை

காலை ஆறு மணிக்கே கே.கே. நகர் சிவன் பூங்காவில் கூட்டம் சேர்ந்துவிடும். அந்தக் கூட்டத்தில் 44 வயதுப் பெண் ஒருவர், இரண்டாவது சுற்றிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். "என்னங்க, அதுக்குள்ளயா?" என்று தோழி கேட்டால், பதில் சொல்லக்கூடத் தெம்பு இருக்காது.

வீட்டிலும் அதே கதைதான். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி ஓர் அசதி. சீப்பில் கொத்தாக முடி. மலச்சிக்கல். மார்கழியில் மற்றவர்கள் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்க, இவர் மட்டும் போர்வைக்குள் நடுங்குவார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவார். சாப்பாடு கூடவில்லை, எடை மட்டும் ஒன்றரை வருடத்தில் 9 கிலோ ஏறியிருந்தது.

"வேலைக்கு ஆள் வெச்சதுலேர்ந்து உனக்கு உடம்பு வளையறதே இல்லம்மா" என்றார் மாமியார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. நிஜமாகவே சோம்பேறி ஆகிவிட்டோமோ என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை.

ரத்தப் பரிசோதனையில் விடை கிடைத்தது. டி.எஸ்.ஹெச் அளவு 18. பொதுவாக 4-ஐ ஒட்டிய அளவுக்குள் இருக்க வேண்டியது அது.

சிம்மில் வைத்த அடுப்பு

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சின்னச் சுரப்பி தைராய்டு. உடம்பின் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு வேகத்தில் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதை இதன் ஹார்மோன்தான் தீர்மானிக்கிறது. ஹார்மோன் குறைந்தால், அடுப்பை சிம்மில் வைத்த மாதிரி எல்லாமே மெதுவாகிவிடும். இதயம் மெதுவாகத் துடிக்கும், குடல் மெதுவாக நகரும், உடம்பில் சூடு குறையும். கெட்ட கொழுப்பு ரத்தத்திலேயே தங்கிவிடும். இதைத்தான் 'ஹைப்போதைராய்டிசம்' என்கிறார்கள்.

டி.எஸ்.ஹெச் என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 'இன்னும் வேலை செய்' என்று தைராய்டை விரட்டும் குரல். தைராய்டு சோர்ந்து போனால் அந்தக் குரல் உயரும். ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச் கூடுதலாக இருந்தால் தைராய்டு குறைவு என்று அர்த்தம் வருவது இதனால்தான்.

இது அவருக்கு மட்டும் வந்த பிரச்னை இல்லை. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. அதில் ஏறக்குறைய 11 சதவிகிதம் பேருக்கு தைராய்டு குறைபாடு இருந்தது. பெண்களில் கிட்டத்தட்ட 16 சதவிகிதம், ஆண்களில் 5 சதவிகிதம். தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள்.

மாத்திரை போட்டும் எடை குறையலையே?

தைராக்ஸின் மாத்திரை ஆரம்பித்த இரண்டு மாதத்தில் அசதி கொஞ்சம் குறைந்தது. ஆனால், ஆறு மாதமாகியும் எடை 2 கிலோதான் இறங்கியிருந்தது. "வெயிட்டே குறையலைன்னா அந்த மாத்திரை எதுக்கு? பழகிட்டா விடவே முடியாதாம்" என்று யாரோ சொல்ல, பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டார்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரைதான். அதிலும் பெரும்பகுதி உடம்பில் தேங்கும் உப்பும் நீரும். மாத்திரை அந்தப் பங்கைத்தான் இறக்கும். மீதி எடைக்கு வயது, சாப்பாடு, தூக்கம், நடை என்று வேறு கணக்குகள் இருக்கின்றன. 'எல்லாம் சோம்பேறித்தனம்' என்பதும் தவறு, 'எல்லாம் தைராய்டு' என்பதும் தவறு.

இளைக்க வேண்டும் என்று மாத்திரையின் அளவை இஷ்டத்துக்குக் கூட்டினால் படபடப்பு வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். இது ஸ்லிம் ஆவதற்கான மாத்திரை இல்லை. உடம்பு சுரக்காத ஒன்றை ஈடுகட்டும் மாத்திரை. 'பழகிப்போவது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

நிறுத்திய சில வாரங்களில் முகம் உப்பியது, குரல் கரகரத்தது, பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. திரும்பவும் டாக்டரிடம் போனார்.

டாக்டர் கேட்ட கேள்வி

"மாத்திரை எப்பம்மா போடுவீங்க? காபி எப்ப குடிப்பீங்க?"

ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கையில் ஃபில்டர் காபி. மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். டிபன் முடிந்ததும் கால்சியம் மாத்திரை வேறு. மாத்திரை உள்ளே போனதே தவிர, பாதி உடம்பில் சேரவே இல்லை.

காபி, பால், கால்சியம், இரும்புச்சத்து எல்லாமே தைராக்ஸின் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. அடுத்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எதுவும் வேண்டாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. காலையில் முடியாதவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடலாம்.

பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்கக் கூடாது. சூடும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் தேவை அப்போது கூடும். முட்டைகோஸ், காலிஃபிளவரை வேகவைத்து அளவாகச் சாப்பிடத் தடையில்லை. அயோடின் உப்பை நிறுத்தவும் வேண்டாம், கூடுதலாகப் போடவும் வேண்டாம்.

இந்தக் குட்டி மாத்திரைக்குப் பெரிய கதை உண்டு. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்ற டாக்டர், 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். பின்னர் அதையே வாய்வழி மருந்தாகக் கொடுத்தார். அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது. அந்தப் பெண் இன்னும் 28 வருடம் வாழ்ந்து, 74 வயதில் இறந்தார். இன்று அதே வேலையை மைக்ரோகிராம் கணக்கில் ஒரு மாத்திரை செய்துவிடுகிறது. தினமும் போட வேண்டும், சரியாகப் போட வேண்டும், அவ்வளவுதான்.

கே.கே. நகர் வீட்டில் இப்போது காலை ஐந்தரைக்கு மாத்திரை. சிவன் பூங்காவில் நான்கு சுற்று. எடை இன்னும் 4 கிலோ அதிகம்தான், அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

திரும்பி வரும்போது சமையலறையில் மாமியாரின் குரல் கேட்கும். "மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆச்சாம்மா? அப்ப காபி கலக்கறேன்."