ஆண்டுதோறும் திரும்பும் கிழங்கு

பூப்பயிரில் இறங்கும் குடியானவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, "இப்பூ எவ்வளவு அழகாயிருக்கிறது?" என்பதன்று; "இதன் கிழங்கு எத்தனை ஆண்டு என் நிலத்தில் நின்று பலன் தரும்?" என்பதே. வேப்பம்பட்டிலும் சுற்றுப்புறத்திலும் வயல்கள் மனைகளாக மாறிவரும் இக்காலத்தில், எஞ்சிய அரை ஏக்கரை வைத்துக்கொண்டு பிழைக்கும் அன்பர்களுக்கு இக்கேள்வி வாழ்க்கைப் பிரச்னையாகும்.

துலிப் என்னும் குளிர்நாட்டுப் பூவின் கிழங்குகள் இப்போது நம் நகரங்களிலும் விலைக்குக் கிடைக்கின்றன. ஸ்ரீநகரில் தால் ஏரியின் அருகே, சபர்வான் மலையடியில் இலட்சக்கணக்கான துலிப்புகள் பூத்துக் குலுங்கும் படத்தைக் கண்டு மயங்காதவர் இல்லை. ஆனால் அப்பூவின் இயல்பு யாது? மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளைத் தாயகமாகக் கொண்ட அது, பத்துப் பாகைக்கும் குறைந்த குளிரில் ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் கிடந்தாலன்றி ஒழுங்காகத் தண்டு நீட்டிப் பூக்காது. பூத்த தாய்க்கிழங்கு அவ்வாண்டே கரைந்துவிடும். பக்கத்தே தோன்றும் சேய்க்கிழங்குகளே மறு ஆண்டுக்கு உரியவை. அவை பருப்பதற்குப் பூத்தபின்னும் பல வாரம் இதமான வெயில் தேவை. குளிர்காலம் கடுமையாக உள்ள புதுதில்லியிலேயே, பூத்தவுடன் கோடை வந்துவிடுகிறபடியால், நெதர்லாந்திலிருந்து புதுக்கிழங்குகளைத் தருவித்து நடுகிறார்கள். அவ்வாறிருக்க, கோடை வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் நம் திருவள்ளூர்ச் சீமையில் அது திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பது வீண். ஒரு முறை பூத்து மறையும் பூவுக்கு ஆண்டுதோறும் புதுமுதல் போடுவது செல்வர்க்குப் பொழுதுபோக்காகலாம், குடியானவர்க்குத் தொழிலாகாது.

நமக்கு வாய்த்த கிழங்கு நிலச்சம்பங்கி. அதுவும் அயல்நாட்டுப் பிறப்புத்தான், மெக்ஸிகோவிலிருந்து வந்தது. ஆயினும் நம் வெயிலோடு உறவாகிவிட்டது. நட்ட மூன்று நான்கு மாதத்திற் பூக்கத் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டு ஒரே நிலத்தில் நின்று பலன் தருகிறது. இங்கும் பூத்த கிழங்கு மீண்டும் பூப்பதில்லை. அதைச் சூழ்ந்து வளரும் கிழங்குகளே அடுத்தடுத்துப் பூக்கின்றன. ஆகவே ஒரு கிழங்கைத் தேர்ந்தெடுப்பது, அதன் சந்ததியையே தேர்ந்தெடுப்பதாகும்.

மாலைக்கு உதிரிப்பூவாக விற்பவர்க்கு ஒற்றையடுக்கு வகையே ஏற்றது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த பிரஜ்வல், ஸ்ருங்கார் என்னும் இரண்டும் இவ்வினத்தவை. வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் ஆற்றல் ஸ்ருங்காருக்கு உண்டு. கிழங்கு 25 முதல் 30 கிராம் எடையுடன், கதிர் வடிவில், அழுகலோ காயமோ இன்றி இருத்தல் வேண்டும். தோண்டியவுடன் நடாமல் நிழலில் ஒரு மாதம் ஆறவிட வேண்டும். நீர் தேங்கினால் அடித்தண்டு அழுகும். 2023 டிசம்பர்ப் புயல்மழையை நம் மாவட்டம் மறந்திராது. ஆதலின் உயர்ந்த கரையும் நல்ல வடிகாலும் இன்றியமையாதவை.

இனி, நான் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டர் என நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 45,000 கிழங்கு வேண்டும். எடையில் ஒரு டன்னுக்கு மேல். இவ்வளவையும் முன்பின் அறியாத வியாபாரியிடம் வாங்கினால், பணத்தோடு நூற்புழுவையும் நோயையும் நிலத்துக்குள் அழைத்தவராவோம். மற்றொரு தவறு நம்முள்ளேயே இருக்கிறது. விலை ஏறிய ஆண்டில் பருத்த கிழங்குகளை விற்றுவிட்டு, கழிந்த பொடிக்கிழங்குகளை நமக்கென நட்டுக்கொள்கிறோம். விதைநெல்லை உண்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? பாவு இற்றிருக்குமாயின், ஊடை எத்துணை நயமாயினும் துணி நில்லாது என்பதை நம் நெசவாள அன்பர்கள் நன்கறிவர்.

ஆகவே ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும் தனக்கெனக் கிழங்குப் பண்ணை ஒன்றை நடத்த வேண்டும் என்பது என் கருத்து. ஐந்து சென்ட் நிலம் போதும். 2,250 கிழங்குகளோடு தொடங்கலாம். பூக்கும் காலத்தில் நோயற்ற, கதிர் நீண்ட செடிகளை அடையாளமிட்டு, அவற்றின் கிழங்குகளையே பெருக்க வேண்டும். அங்கத்தினர்க்குக் கடனாகக் கொடுத்து, பயிர் தோண்டும்போது கிழங்காகவே, சற்று மிகுதியாகத் திரும்பப் பெறலாம். விதைநெல் கடன் நம் முன்னோர் அறியாத முறையன்று.

"பொதுப்பண்ணையை யார் பார்ப்பது? ஊரார் பிள்ளை கதையாகாதா?" என்பார் உண்டு. ஐயம் நியாயமானதே. பொறுப்பை எல்லார்க்கும் பகிர்ந்தால் எவர்க்கும் பொறுப்பிராது. ஒரு அங்கத்தினரிடம் கூலி பேசி ஒப்படைத்து, பூ விற்ற வருவாயையும் அவர்க்கே விட்டுக் கிழங்கை மட்டும் சங்கம் கொள்ளுமானால், பண்ணையைப் பேணுவதில் அவர்க்கே ஆதாயம் இருக்கும்.

இம்முயற்சிக்கு நம் வட்டாரத்தினும் தகுதியான இடம் எது? இந்தியாவின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று போற்றப்படும் சங்கம் 1904-இல் தோன்றியது அண்டையிலுள்ள திரூரிலேதான். அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.எம். 6 என்னும் நெல், பூச்சியைத் தாங்கும் குணத்துக்காகப் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிலையம் வரை சென்று, ஐ.ஆர். 20 நெல்லுக்குப் பெற்றோரில் ஒன்றாயிற்று. பொறுக்கியெடுத்த விதையின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. திரூரிலேயே வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. ஆலோசனைக்கு அலைய வேண்டுவதில்லை.

ஆடிப் பட்டம் சம்பங்கிக்கும் உரிய பட்டமே. அதற்கு முன் கூடும் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.