மழையை அளக்க ஓர் ஆள், ஒதுங்க ஓர் இடம்

இலங்கை மலையகம் என்றால் நம்ம பிள்ளைங்களுக்குத் தேயிலையும் ரயிலும்தான் ஞாபகம் வரும். அங்கே உறவுகள் இருக்கிற குடும்பங்களுக்கு மழைக்காலம் வந்தாலே வயிற்றைக் கலக்கும். காரணம், மண்சரிவு.

2014 அக்டோபர் 29, பதுளை மாவட்டம், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை தோட்டம். காலையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். அப்போ ஏன் போகலை? சொந்தக் காணி இல்லாதவர்களிடம் "எழும்பிப் போங்க" என்று மட்டும் சொன்னால், எங்கேதான் போவாங்க?

எச்சரிக்கை கொழும்பிலிருந்து வந்தால் மட்டும் போதாது, ஊருக்குள்ளேயும் அதற்கு ஆள் வேணும். ஒரே மலையில் இந்தப் பக்கம் தூறும், அந்தப் பக்கம் கொட்டும். அதனால்தான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஊர் மக்களிடமே எளிய மழைமானிகளைக் கொடுத்து அளக்கப் பழக்கியது. கணக்கு இதுதான்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டி மழை தொடர்ந்தால் விழிப்பாக இருக்கணும். 100ஐத் தாண்டினால் கிளம்பத் தயாராகணும். 150ஐத் தாண்டினால் வெளியேறணும். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் அப்படித்தான்.

அளவுக்காகக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்கிற மரமும் மின்கம்பமும், திடீரென்று கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் நீரோடை. இதையெல்லாம் முதலில் பார்க்கிறது அங்கேயே குடியிருக்கிறவங்கதான்.

அடுத்த முறை ஊருக்கு போன் பண்ணும்போது "மழையா?" என்பதோடு நிறுத்தாம நாலு கேள்வி கேளுங்க. மழையை அளக்கிறது யார்? ராத்திரியில் தகவல் தமிழ்ல வந்து சேருமா? எங்கே போய் ஒதுங்குவீங்க? நடக்க முடியாத பாட்டியை யார் தூக்கிட்டுப் போவாங்க?

பதில் இல்லைன்னா, நாம காசு அனுப்ப வேண்டிய இடம் அதுதான். மழைமானி, ஒலிபெருக்கி, டார்ச், ஒதுங்குகிற கூடத்துக்குப் பாய். பெரிய செலவில்லை. ஆனால் பாதுகாப்பான காணி என்பது நம்ம காசால் முடிகிற காரியமில்லை. அதை அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்கணும்.

நம்ம வீட்டுப் பிள்ளைங்களையும் இதில் சேர்த்துக்கலாம். நேரான பக்கமுள்ள ஒரு டப்பாவை மழையில் வைத்து, தேங்கிய தண்ணீரின் உயரத்தை அடிக்கோலால் அளக்கச் சொல்லுங்க. 150 மில்லிமீட்டர்னா கிட்டத்தட்ட அரை அடி. அது ஒரே நாளில் ஒரு மலைமேல் விழுந்தால் என்ன ஆகும்னு அவங்களே கேட்பாங்க.