மண்ணுள் மறையும் வேலை

கட்டடத்தின் சுவரில் வெடிப்பு விழுந்தால் வழிப்போக்கனும் காரணம் கேட்பான். மண்ணுள் புதைந்த குழாயில் வெடிப்பு விழுந்தால் எவரும் அறியார். குடிநீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் சீரமைக்கும் வேலைக்குக் கேள்விப் பத்திரம் கோரும்போது ஏனைய வேலைகளிலும் பன்மடங்கு விழிப்பு வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

கொழும்பு நகரம் தரும் பாடம் பெரிது. 1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து நீர்பெறத் தொடங்கிய அந்நகரின் குழாய்களிற் பல நூறாண்டைக் கடந்தவை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் 2012இல் சீரமைப்புத் திட்டம் வகுக்கப்பட்ட காலத்தில், சுத்திகரித்து அனுப்பிய நீரில் ஏறத்தாழப் பாதிக்கு வருமானம் கிடைக்கவில்லை. கசிவும் களவும் பழுதுற்ற மானிகளும் அதனை விழுங்கின. ஊரார் பணத்தில் தூய்மையாக்கிய நீர் ஊராருக்கே பயன்படாது போயிற்று.

இது தலைநகரின் தொல்லை, வடக்கிலுள்ள கமக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்போர் இரணைமடுவை நினைவு கொள்ளட்டும். 2010இல் ஒப்புதல் பெற்ற யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் முதலில் அக்குளத்து நீரையே நம்பியிருந்தது. வயலுக்கே போதாத நீரை நகருக்கு அனுப்புவதா எனக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்து நின்றனர். அதன் பயனாகவே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் எழுந்து, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். இதில் பத்திலொரு பங்கு வழியிற் கசியுமாயின் நாள்தோறும் 24 இலட்சம் லீற்றர் மண்ணுக்குப் போகும். பெருஞ்செலவில் உப்பு நீக்கிய நீர் இவ்வாறு போனால், பற்றாக்குறை என்ற கூக்குரல் எழும். பார்வை மீண்டும் குளத்தின் மீது திரும்பும். கசியும் குழாயின் விலையைக் கடைசியிற் கொடுப்பவன் கமக்காரனே.

கழிவுநீர்க் குழாய் கசிந்தாலோ தீங்கு இன்னும் கொடிது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடாக அது கிணறுகளை அடையும். அதன் பின் எந்தச் சபை வந்து அக்கிணறுகளைக் கழுவித் தரும்?

குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பது நேர்மையான விதியாகத் தோன்றும். ஆனால், அளவுப் பட்டியல் பிழையாயின் அவ்விதியே கபடத்துக்கு வாயிலாகும். ஓர் உதாரணம் காட்டுவோம். வெட்டவேண்டிய பாறை 100 கன மீற்றர் என்று பட்டியல் கூறுகிறது எனக் கொள்வோம். நிலத்தை அறிந்த ஒப்பந்தகாரர், அது 1,000 ஆகும் என்பதை உணர்ந்து, பாறைக்கு மிகையான விலையும் ஏனையவற்றுக்குக் குறைந்த விலையும் குறிப்பார். மொத்தத்தில் அவரே மலிவானவர், வேலையும் அவருக்கே. தோண்டத் தொடங்கியதும் பாறை பெருகும், பட்டியலும் பெருகும். மலிவு என்று தொடங்கியது முடிவில் எல்லாவற்றிலும் விலையுயர்ந்ததாகிவிடும். உண்மை விலை குறித்த நேர்மையாளரோ தோற்று வீடு திரும்பியிருப்பார்.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. கேள்விப் பத்திரம் கோருமுன் சோதனைக் குழிகள் வெட்டி மண்ணையும் பாறையையும் அறிதல் வேண்டும். பழைய குழாய்க்குள் கமராவைச் செலுத்தி, மாற்றவேண்டியது எது, உள்ளுறை இட்டால் போதியது எது என்று பிரித்தல் வேண்டும். வந்த விலைகளை மொத்தமாக மட்டுமன்றி வரிவரியாகவும் ஆராய்தல் வேண்டும். மூட்டுகளை மண்ணால் மூடுமுன் நீரழுத்தச் சோதனை நடத்தி, அதன் பதிவை ஊரார் காண வைத்தல் வேண்டும். பழுது தோன்றும் காலம் முடியும்வரை பிடித்துவைத்த பணத்தை விடுவித்தலாகாது.

காவல் செய்யும் அமைப்புகளும் நிலையானவையாக இருக்கவில்லை. 2015இல் 19ஆம் திருத்தம் தந்த தேசிய பெறுகை ஆணைக்குழுவை 2020இல் 20ஆம் திருத்தம் அகற்றியது. 2022இல் 21ஆம் திருத்தம் மீளத் தந்தது. ஆணைக்குழு வரும், போகும். மக்களின் கண் மூடலாகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் யாவருக்கும் கேட்கும் உரிமையை அளித்துள்ளது.

எனவே நம் பொறியியலாளரையும் கணக்காளரையும் சட்டத்தரணிகளையும் ஒன்று வேண்டுகிறோம். உங்கள் ஊரிற் குழாய் வேலை தொடங்குமுன் அளவுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கமக்காரருக்கு விளங்கும் தமிழில் அதனை எடுத்துச் சொல்லுங்கள். 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூராட்சி உறுப்பினர்களும் அதே கேள்வியைச் சபையில் எழுப்பட்டும்.

அகழி மூடப்பட்ட பின் எழுப்பும் கேள்விக்குப் பயனில்லை. அது திறந்திருக்கும்போதே கேட்போமாக.